நாற்பத்தொன்றாம் இருக்கையின் குரல்

தவசீலனைத் தலையைச் சுற்றி எறிந்தால்தான் திண்டுக்கல் கோட்டை கூடைப்பந்து அணி உருப்படும் என்று சவரிமுத்து நான்கு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா சொல்லவில்லை. வெங்காயப் பேட்டையில் முப்பது வருடம் ஏலம் கூவிய தொண்டையால் சொன்னார். அந்தத் தொண்டை திறந்தால் பேட்டையின் இந்தக் கோடியில் மூட்டை இறக்குகிறவரும் அந்தக் கோடியில் டீ ஆற்றுகிறவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்ப்பார்கள்.

தவசீலன் உள்ளூர்ப் பையன்தான். நாகல் நகர்க்காரன், ஆறடி ஏழங்குலம். வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தைப் பறிக்கும் ரீபவுண்டில் அவனை மிஞ்ச லீக்கிலேயே ஆள் கிடையாது. ஆனால் எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ போடக் கோட்டில் நின்றான் என்றால் முடிந்தது கதை. வளையத்துக்கு நேர் பின்னால் ஆறாம் பகுதி. அதில் நான்காவது வரிசை, நாற்பத்தொன்றாம் இருக்கை சவரிமுத்துவுடையது. பையன் பந்தை இரண்டு முறை தரையில் தட்டி நிமிரும் அந்த இடைவெளியில் இவர் எழுந்து விடுவார்.

"ஒட்டடைக் கம்பு ஒண்ணு வந்திருக்கு! ஒரு தரம்!"

அரங்கம் சிரிக்கும். பந்து வளையத்தில் மோதித் தெறிக்கும். அடுத்த பந்துக்கு "ரெண்டு தரம்!" அதுவும் போய்விட்டால் "மூணு தரம்! தூக்கிட்டுப் போங்கப்பா!" என்று கையை உதறுவார். எதிரணி ஆட்டக்காரர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். போவது சொந்த அணியின் புள்ளியாயிற்றே என்று அந்த ஆயிரத்து இருநூறு பேரில் ஒருவருக்கும் உறைத்ததில்லை. மனிதனுக்குச் சில நேரம் ஜெயிப்பதைவிடச் சிரிப்பது ருசியாக இருக்கிறது.

கோட்டை அணிக்கு முதலாளி கிடையாது. முதலில் இருந்தவர் கை கழுவிவிட்டுப் போனபோது ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு இருக்கையை வாங்கி அணியைக் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து இருக்கைக்காரர்கள் சம்மதிக்காமல் ஒரு டிரேடும் நடக்காது. ஒரு ஆட்டக்காரரைக் கொடுத்து இன்னொருவரை வாங்க வேண்டுமென்றால் பன்னிரண்டு பகுதிகளும் தனித்தனியே கூடி அடித்துக்கொண்டு, பகுதிக்கு ஒரு ஓட்டு போடும். ஆறாம் பகுதி கூடுவது அரங்கத்துக்குப் பின்னால் இருக்கும் பரோட்டாக் கடையில். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் மூன்று மேசைகளை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் கைகலப்பு இல்லாமல் முடிந்தால் பரோட்டா மாஸ்டருக்கே ஏமாற்றமாக இருக்கும்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தது.

"மேட்சுக்குப் பதிமூணு ரீபவுண்ட் மாமா. பதிமூணு! அவன அனுப்பிட்டு நீ போயி எடுப்பியா?" என்றான் காதர் மைதீன். செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். புள்ளிவிவரம் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு.

"எடுத்து? எடுத்து என்னத்தக் கிழிச்சான்? லைன்ல நின்னா கை கோழி றெக்க மாதிரி அடிக்குது. அவனையெல்லாம் வெச்சு ஆடுறதுக்கு நாலு வெங்காயச் சாக்க நிப்பாட்டி வெக்கலாம்."

"நீ சாக்கத் தவிர என்னத்தப் பாத்த?"

"டேய், வாய அளந்து பேசு. டிஸ்ப்ளே மாத்துறேன்னு என் போன ரெண்டு மாசம் வெச்சிருந்த பய நீ."

ஏட்டம்மா இந்திராணி மேசையைத் தட்டினார். பெண்கள் காவல் நிலையத்தில் தலைமைக் காவலர், ஒரு காலத்தில் போலீஸ் அணிக்கு ஆடியவர். ஆறாம் பகுதிக்கு அவர்தான் செயலாளர். "கத்துறத நிறுத்துங்க. ஒரு ஓலை வந்திருக்கு. தூத்துக்குடி துறைமுகம் அணி டெல்சனத் தர்றாய்ங்களாம்."

டெல்சன் பர்னாந்து தூரத்திலிருந்து எறிந்தால் பந்து வளையத்தைத் தொடாமல் இறங்கும். அப்படிப்பட்டவன் கோட்டை அணிக்கு வருவதென்பது கனவில்கூட நினைக்காத காரியம். காதர் உடனே போனை எடுத்துச் சோசியரிடம் கேட்டான். சோசியர் என்பது ஒரு செயலி. இவனைக் கொடுத்து அவனை எடுத்தால் எத்தனை ஆட்டம் ஜெயிப்போம் என்று கணித்துச் சொல்லும். அதன் உண்மைப் பெயர் ஊரில் யாருக்கும் வாயில் நுழையவில்லை.

"இப்ப ஒம்பது ஜெயம். டெல்சன் வந்தா பதினாலு!"

"பதிலுக்கு?" என்றார் சவரிமுத்து.

"தவசீலன்," என்றார் இந்திராணி.

சவரிமுத்து மேசையில் அடித்த அடியில் சால்னாக் கிண்ணம் துள்ளியது. "கூட்டிட்டுப் போகச் சொல்லு! இன்னைக்கே!"

"இருங்கண்ணே. இன்னொண்ணும் கேக்குறாய்ங்க." இந்திராணி கடிதத்தை மறுபடி பார்த்தார். "ஆறாம் பகுதி, நாற்பத்தொன்றாம் இருக்கை."

எல்லோரும் சவரிமுத்துவைப் பார்த்தார்கள்.

"பிளாஸ்டிக் சேர வெச்சு என்ன பண்ணப் போறாய்ங்க?" என்றார் அவர்.

மறுநாள் மதியம் லீக் அலுவலகத்திலிருந்து மிருதுளா என்ற இளம்பெண் வந்து விளக்கினாள். பரோட்டா வேண்டாம் என்றாள், டீ வேண்டாம் என்றாள். அதிலேயே பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று.

"ஒவ்வொரு இருக்கையோட கைப்பிடியிலயும் ஒரு சின்ன மைக் இருக்கு, தெரியும்ல சார்?"

"சண்டை வந்தா ஆளப் புடிக்கன்னு வெச்சாய்ங்க," என்றார் இந்திராணி.

"அதுக்கும்தான் மேடம். ஆட்டக்காரங்க மணிக்கட்டுல ஒரு பட்டை இருக்கு. நாடித் துடிப்பு, மூச்சு, விரல் அசைவு எல்லாம் பதிவாகும். மைக்குல பதிஞ்சதையும் பட்டையில பதிஞ்சதையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, எந்தக் குரலுக்கு யார் உடம்பு என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுரும். பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. கூட்டத்தோட சத்தம் அவங்களுக்கு மழைச் சத்தம் மாதிரி. ஆனா இந்த சார் குரல் கேட்டா தவசீலன் உடம்புல ஒரு மாற்றம் வருது. லீக்ல இதுவரைக்கும் பதிவானதுலயே பெரிய மாற்றம் அதுதான்."

சவரிமுத்துவின் முதுகு தானாக நிமிர்ந்தது. "எம்புட்டுப் பெருசு?"

"அந்தக் கணக்க தூத்துக்குடி அணி கேட்டு வாங்கியிருக்காங்க. டிரேடு முடிஞ்சு அறுபது நாள் கழிச்சுத்தான் எல்லாருக்கும் வெளியிடுவோம்."

"என்ன மாற்றம்னு சொல்லுங்க," என்றார் இந்திராணி.

"சொல்ல எனக்கு அனுமதி இல்ல மேடம்." மிருதுளா சால்னாக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அரங்கத்துக்குள்ள எழுப்புற குரல் கிளப்புக்குச் சொந்தம்னு நீங்க இருக்கை வாங்கும்போதே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அவங்க கேக்குறது நாற்காலிய இல்ல, அந்தக் குரலத்தான்; அதனால கிளப் அதக் கொடுக்கலாம். ஆனா சாரும் சம்மதிக்கணும். தொண்டையில ஒரு பட்டை ஒட்டுவோம், வலிக்காது. மூணு சீசனுக்கு லீக் நடக்குற எந்த அரங்கத்துலயும் சார் குரல் பேச்சுச் சத்தத்த தாண்டக் கூடாது. தாண்டுனா டெல்சன் திரும்பிப் போயிருவாரு."

"அப்ப என் குரலு தூத்துக்குடிக்கு மட்டுந்தேன்?"

"ஆமா சார். அவங்களுக்கு மட்டும்."

அவள் போனபின் கடை இரண்டுபட்டது. முதலில் வாயைத் திறந்தது காதர்தான். "இப்பத்தான் புரியுது! நீ திட்டித் திட்டித்தான் மாமா அவன் பதிமூணு ரீபவுண்ட் எடுத்திருக்கான். ரோசம் வந்துருக்கு பயலுக்கு."

"பின்ன என்ன? நான் ஒரசி ஒரசித்தேன் அவனுக்குக் கூரே வந்துச்சு." இதைச் சொல்லும்போது சவரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் நம்ப வேண்டும். முப்பது வருடம் அடுத்தவன் சரக்குக்கு விலை கூவியவர் அவர். அவருக்கென்று ஒருவன் விலை சொல்லி வந்தது அதுதான் முதல் தடவை. தூத்துக்குடி அரங்கத்தில் மைக்கில் பதிந்த தன் குரல் ஒலிபெருக்கி ஒலிபெருக்கியாக முழங்குவதை அப்போதே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் ஆறாம் பகுதி எதையும் அலசாமல் விடாது. ஆட்டக்காரர்களின் முழங்காலையும் கணுக்காலையும் எப்படி அலசுமோ, அப்படியே இவர் தொண்டையையும் மேசையில் போட்டது.

"வயசு அம்பத்தினாலு. இன்னும் எத்தன சீசன் வரும்?"

"போன வருசம் சளி புடிச்சு மூணு மேட்சு காத்துத்தான வந்துச்சு."

"அவரு குரலு போயிட்டா நமக்கு என்ன நட்டம்? காது நிம்மதியா இருக்கும்."

"இந்தத் தொண்டைக்கு டெல்சனே அதிகம்டா. அவிய்ங்க முழிச்சுக்கிறதுக்குள்ள முடிச்சு விடு," என்றான் காதர்.

சவரிமுத்துவுக்குச் சுருக்கென்று இருந்தது. இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் கடலை தின்ற பயல்கள். ஒருவனாவது 'உன் சத்தம் இல்லாம அங்க உக்கார முடியாதுப்பா' என்று சொல்லவில்லை. வேறு ஒருவராக இருந்தால் எழுந்து போயிருப்பார். இவர் ஏலக்காரர். சரக்கைக் குறைத்துப் பேசினால் இவருக்குக் கோபம் வந்து விலைதான் ஏறும். பெஞ்சின் மேல் ஏறி நின்றார்.

"அதிகமா? எவன்டா அதிகம்னவன்? லீக்லயே பெரிய மாற்றம்னு அந்தப் புள்ள சொல்லிட்டுப் போச்சு. டெல்சனோட, அவிய்ங்க டீம்ல ஆடுற கோவில்பட்டிப் பையன் சுடலைமணியவும் சேத்துக் குடுக்கச் சொல்லு! பத்தொம்பது வயசு, ஏழடி. ரெண்டு பேரக் குடுத்தாத்தேன் இந்தத் தொண்ட. இல்லாட்டி இந்தா, இங்கனயே இருக்கு!"

"கிறுக்குப் புடிச்சுருச்சு. உன் ஒரு தொண்டைக்கு ஏழடி ஆளக் குடுப்பானா?"

"குடுப்பான். கேளு!"

இந்திராணி பெஞ்சருகே வந்தார். "சவரிண்ணே, இருபத்தாறு வருசமா ஸ்டேசன்ல இருக்கேன். எதுக்குக் கேக்குறாய்ங்கன்னு தெரியாம ஒரு பொருளயும் கைய விட்டு விடாதீங்க. அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லல."

"ஏட்டம்மா, வயித்தெரிச்சலா இருந்தா ஒரு மோரக் குடிங்க. உங்களப் போலீஸ் டீம்ல பெஞ்சுல உக்கார வெச்சாய்ங்க. என்னைய வெல பேசிக் கேக்குறாய்ங்க."

இந்திராணியின் முகம் சிவந்தது. கடிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டார்.

தூத்துக்குடி இரண்டே நாளில் சுடலைமணியையும் தருகிறோம் என்று பதில் அனுப்பியது. சவரிமுத்து பேட்டையிலிருந்து அரங்கம் வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நடந்தார். ஆறாம் பகுதியில் முதலில் தூக்கிய கை அவருடையது. பன்னிரண்டு பகுதியில் பத்துப் பகுதி சம்மதித்தது. கழுத்துக் குழியில் விரல் நகம் அளவுக்கு ஒரு பட்டையை ஒட்டினார்கள். அன்று மாலை அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கடையைச் சுற்றி வந்தார்கள்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலை, இரண்டு ஏலத்துக்கு நடுவே சாக்கு மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார் சவரிமுத்து. வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தால் தவசீலன்.

"என்ன சீலா, மூட்டையக் கட்டிட்டியா? அங்க போயி மானத்த வாங்காதடா. நாந்தேன் கூடவே வர்றேன்ல, தைரியமாப் போ."

"நீங்க வர மாட்டீங்க," என்றான் தவசீலன்.

"என்னது?"

"உங்க குரல அங்க யாரும் போடப் போறதில்ல. பெட்டியில வெச்சுப் பூட்டுறதுக்குத்தான் வாங்குனாங்க. வாங்கச் சொன்னதே நான்தான். அது அடங்கினாத்தான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவேன்னு சொன்னேன். சுடலைமணியவும் கேக்குறாங்கன்னு சொன்னப்ப, குடுத்துருங்க, என் சம்பளத்துல கொறச்சுக்கங்கன்னும் நான்தான் சொன்னேன்."

சவரிமுத்து டீயைக் கீழே வைத்தார்.

"வெளியூர்ல லைன்ல நின்னு நூறு போட்டா எம்பத்தொண்ணு உள்ள போகுது. நம்ம ஊர்ல நாப்பத்தெட்டு. ஒரே கை. நாலு வருசமா எனக்கே ஏன்னு புரியல. டாக்டரப் பாத்தேன், நேர்ந்துக்கிட்டேன், கைய மாத்திப் போட்டுப் பாத்தேன். தூத்துக்குடிக்காரங்கதான் படம் போட்டுக் காட்டுனாங்க. மேல உங்க சத்தம், கீழ என் விரல். நீங்க வாயத் தொறந்ததும் இந்த ரெண்டு விரலு துடிக்க ஆரம்பிச்சுருது."

"ரசிகன்னா கத்தத்தான்டா செய்வான்! மைதானத்துல நிக்கிறவனுக்கு இதுகூடத் தாங்காதுன்னா வீட்டுல போயி கேரம் ஆடு."

"மத்தவங்க கத்துறது தாங்குது. நான் பொறந்த ஊர்ல என்னைய ஏலம் போட்டது தாங்கல. எங்கம்மா மேட்சுக்கு வந்து மூணு வருசமாச்சு. டவுன் பஸ்ஸுல ஏறுனா ஸ்கூல் பசங்க அவங்களப் பாத்து 'ரெண்டு தரம்'னு கத்துறானுங்க. இப்ப கடைக்குக்கூட நடந்துதான் போறாங்க."

மாட்டிக்கொண்டால் சவரிமுத்துவுக்குக் கோபம்தான் வரும். "அதுக்கு இப்ப என்ன? உன் கால்ல விழணுமா?"

"வேணாம். கூட்டம் இல்லாம, ரிங்கு இல்லாம நீங்க எம்புட்டுப் பெரிய ஆளுன்னு ஒரு தடவ கிட்டத்துல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்." அவன் சாக்கு மேல் உட்கார்ந்திருந்த அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தான். "பாத்துட்டேன்."

திரும்பி மூட்டைகளுக்கு நடுவே நடந்து போய்விட்டான். அவன் போன பிறகு சவரிமுத்துவுக்குப் பத்துப் பதில்கள் தோன்றின, ஒவ்வொன்றும் கூர் கூராக. ஒன்றையும் சொல்ல ஆளில்லை. அடுத்த ஏலத்தில் வியாபாரிகள் "சத்தமாச் சொல்லுண்ணே" என்று இரண்டு முறை கேட்டார்கள்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தன் வாயை அடைக்க ஒருவன் ஏழடி ஆளைத் தூக்கிக் கொடுத்தான், அந்த விலையை ஏற்றியதும் நான்தான் என்றா? தூத்துக்குடியில் அவர் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களிடம் "கலக்குதாம்" என்று சொல்லிவைத்தார்.

அறுபதாவது நாள் லீக் கணக்கை வெளியிட்டது. பார்த்துப் பார்த்து அன்றைக்கே கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் திண்டுக்கல்லில் கடைசி ஆட்டம். ஜெயிக்கிறவர்களுக்கு அரையிறுதி. காலை பத்து மணிக்குப் பரோட்டாக் கடையில் காதர் அந்தத் தாளை உரக்கப் படித்தான். படிக்கப் படிக்க அவன் குரல் ஏறிக்கொண்டே போனது.

"பதினோரு மேட்ச்! நாலு வருசத்துல பதினோரு மேட்ச் உன் ஒருத்தன் வாயால தோத்துருக்கோம்! ஒரு வருசம் ஃபைனலே போயிருப்போம்டா!"

"டேய், பதினோரு மேட்சுக்கும் நீயுந்தானடா சிரிச்ச?"

"நான் சிரிச்சேன். நீ கத்துன."

"இம்புட்டு நாளா சோசியரக் கட்டிக்கிட்டு அழுதியே, உள்ளூர்ல நாப்பத்தெட்டு வெளியூர்ல எம்பத்தொண்ணுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உள்ளூர்ப் பயம்னு நெனச்சேன். பக்கத்து சேர்ல சனியன் உக்காந்திருக்குன்னு சோசியர் சொல்லலையே!"

யாரோ சவரிமுத்துவின் தட்டை எடுத்து வேறு மேசைக்குத் தள்ளினார்கள். தூத்துக்குடியில் உப்பு விற்கிறவனிடம் போய் உட்காரச் சொன்னார்கள், செத்தாலும் வாயைக் கட்டித்தான் தூக்க வேண்டும் என்றார்கள். தவசீலனை என்னவெல்லாம் சொல்லி இவர்கள் சிரித்தார்களோ அதே குரலில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எதிரே இருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று சவரிமுத்துவுக்கு அன்றுதான் தெரிந்தது. கேட்கச் சகிக்கவில்லை.

வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று யோசித்தார். ஆனால் ஐந்து மணிக்குத் தன் இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் எழுந்து இடம் மாறிக்கொண்டார்கள். ஒரு நாற்காலி தள்ளி இந்திராணி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார், முகத்தைத் திருப்பாமல்.

ஆட்டம் பொறி பறந்தது. டெல்சன் தன் பழைய அணிக்கு எதிராக எறிந்ததெல்லாம் விழுந்தது. சுடலைமணி இரண்டு பேரை இடித்துத் தள்ளி மூன்றாவது ஃபவுல் வாங்கினான். அந்தப் பக்கம் தவசீலன் ஒற்றை ஆளாக வளையத்தடியைக் காவல் காத்தான். எழுபத்தெட்டுக்கு எழுபத்தெட்டு. இரண்டே நொடி மிச்சம். பந்தோடு எழும்பிய தவசீலனின் கையைச் சுடலைமணி தட்டிவிட்டான். விசில் ஊதியது. துறைமுகத்துக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஆறாம் பகுதிக்கு நேர் எதிரே இருக்கும் கோட்டில்.

காதர் நாற்காலிகளைத் தாண்டிக் குதித்து வந்தான். காலையில் சனியன் என்றவன் இப்போது தோளைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா! கத்து மாமா!"

"பட்டை ஒட்டியிருக்குடா. டெல்சன் போயிருவான்."

"போகட்டும் மயிரு! இந்த மேட்ச் ஜெயிச்சா அரையிறுதி. அவன இன்னொரு டிரேடுல எடுத்துக்கலாம். ஒரே ஒரு தடவ. உன்னால மட்டுந்தேன் முடியும்!"

பின் வரிசையில் ஒருவன் "சவரி! சவரி!" என்று ஆரம்பித்தான். ஆறாம் பகுதி பிடித்துக்கொண்டது. பிறகு ஏழு, பிறகு எட்டு. காலையில் தாளைப் படிக்காதவர் ஊரில் யாரும் இல்லை போலும். ஆயிரத்து இருநூறு பேர் கைகளைத் தட்டித் தட்டி அவர் பெயரைச் சொன்னார்கள். ஐம்பத்து நான்கு வருடத்தில் இத்தனை வாயில் தன் பெயரை அவர் கேட்டதில்லை. உடம்பு சிலிர்த்தது. கத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தார், அதை மறைப்பானேன்.

இந்திராணியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைய ஏன் பாக்குறீங்க?" என்றார் அவர். "அன்னைக்கு என்னையக் கேட்டா வித்தீங்க?"

தவசீலன் பந்தை வாங்கினான். இரண்டு முறை தட்டினான். நிமிர்ந்தான். அவன் கண் வளையத்தில் நிற்கவில்லை, அதைத் தாண்டி நான்காவது வரிசைக்கு வந்தது. சவரிமுத்து வாயைத் திறக்கவில்லை. அவன் காத்திருந்தான். வருகிற அடியைத் தெரிந்துகொண்டு நிற்கிறவன் எப்படி நிற்பானோ அப்படி நின்றான். பந்தைப் பிடித்திருந்த கையில் இரண்டு விரல்கள் மட்டும் துடித்தன. இத்தனை வருடமும் கத்தும்போது சவரிமுத்து சிரிக்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறார். அந்தக் கையை அவர் உற்றுப் பார்த்ததே இல்லை.

பந்து வளையத்தின் முன் விளிம்பில் மோதி வெளியே விழுந்தது.

அரங்கம் கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்தியது. காதர் குதித்தான். "நீ கத்தாமலே விட்டுட்டான் மாமா! உன் மூஞ்சியப் பாத்தே விட்டுட்டான்! இன்னொண்ணுதான், இப்பக் கத்து!"

சவரிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. வாயை விற்றாயிற்று, பட்டை போட்டு அடைத்தாயிற்று. இருந்தும் அந்தப் பையனுக்குள் அது இன்னும் கூவிக்கொண்டிருக்கிறது. தான் செத்த பிறகும் கூவும் போலிருக்கிறதே என்று நினைத்தார். நினைக்கவே பயமாக இருந்தது.

நடுவர் இரண்டாவது பந்தைக் கொடுத்தார். தவசீலன் தட்டினான். நிமிர்ந்தான். மறுபடி பார்வை நாற்பத்தொன்றுக்கு வந்தது.

சவரிமுத்து எழுந்து நின்றார்.

"உஸ்ஸ்" என்று ஆறாம் பகுதி அடங்கியது. அவர் குரல் தெளிவாகக் கேட்கட்டும் என்று அரங்கமே அடங்கியது. காதர் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றான். ஐந்து நொடிக்குள் எறிந்தாக வேண்டும்; நடுவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

சவரிமுத்து வலது கையைத் தூக்கினார். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைத் தன் வாயின் மேல் வைத்து அழுத்தினார். ஒரு கை போதாதென்று இடது கையையும் அதன் மேல் வைத்தார். ஊரே பார்க்க, அந்தப் பையன் முன்னால் வாய் பொத்தி நின்றார்.

தவசீலன் பார்த்தான். நடுவரின் நான்காவது விரல் விரியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வளையத்தைப் பார்த்து எறிந்தான்.

வலை மட்டும் அசைந்தது.

மிச்சமிருந்த இரண்டு நொடியில் கோட்டை அணியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மணி அடித்தது. துறைமுகத்துப் பையன்கள் தவசீலன் மேல் விழுந்து புரண்டார்கள். ஆறாம் பகுதியில் தண்ணீர் பாட்டில்கள் பறந்தன, அதில் இரண்டு சவரிமுத்துவின் முதுகில் விழுந்தன.

காதர் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். அவன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. "நீ யாரு கட்சிடா? இந்த ஊர்ல சோறு தின்னுட்டு, யாரு கட்சிடா நீ? கைய எடு! கைய எடுத்துட்டு வாயத் தொறந்து பதில் சொல்லு!"

சவரிமுத்து கையை எடுக்கவில்லை.